ஆயில் லைட் எரியுது, ஸ்டியரிங் திரும்பல: ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு எங்கிருந்து வைத்தியம் ஆரம்பிப்பது?

சென்னையில் தயாரான கார் என்றால் நம்ம பேட்ச்சுக்கு முதலில் ஹூண்டாய் ஞாபகம் வரும். கொஞ்சம் யோசித்தால் ஃபோர்டு. இவை எல்லாம் வருவதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் முன்னாடியே ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் ஒரு கார் ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று பெயர். 1961-ல் அவர்கள் கொண்டுவந்த கார்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். டிசைன் பண்ணவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிகெலோட்டி. 948 சி.சி., நாலு சிலிண்டர். அன்றைக்குக் கார் வாங்கப் போனவருக்கு அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூணே சாய்ஸ்தான். கம்பெனி 80-களின் கடைசியில் நின்றுபோனது. வண்டிகள் சில இன்னும் நிற்கவில்லை.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பழைய வீடுகளில், நெல் மூட்டைக்கும் டிராக்டருக்கும் நடுவில் தார்ப்பாய் போர்த்தி ஒரு ஹெரால்டு நின்றால் ஆச்சரியப்படாதீங்க. அப்படிப்பட்ட வண்டியை வருஷத்துக்கு ரெண்டு தடவை வெளியே எடுப்பார்கள். எடுத்ததும் வரும் கம்ப்ளெயின்ட்டும் ரெண்டுதான். ஒன்று, ஆயில் லைட் அணைய மாட்டேங்குது. ரெண்டு, ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு.

முதலாவதைக் கேட்டதும் பல பேர் "இன்ஜினை இறக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள். ரெண்டாவதைக் கேட்டால் "பழைய வண்டி, பவர் ஸ்டியரிங் இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். முதல் பதில் வீட்டுக்காரருக்குப் பெரிய செலவு வைக்கும். ரெண்டாவது பதில் அதைவிட மோசம், ஆளையே காவு வாங்கலாம். ஏன் என்று பார்ப்போம்.

ரெண்டும் ஒரே நோய்தான்

இன்ஜின் பேரிங்காக இருக்கட்டும், ஸ்டியரிங் மூட்டாக இருக்கட்டும், இரும்பு இன்னொரு உலோகத்தின் மேல் நகர வேண்டும். நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் ரெண்டும் ஒன்றை ஒன்று தொடாது. படலம் போனால் உரசும், சூடாகும், தேயும், கடைசியில் கவ்விக்கொள்ளும். டிரைபாலஜி எலெக்டிவ் எடுத்தவர்களுக்கு இது முதல் வார கிளாஸ்.

1880-களில் பிச்சம்ப் டவர் என்ற ஆங்கிலேயர் ரயில் அச்சு பேரிங்கில் சோதனை செய்துகொண்டிருந்தார். பேரிங் மேலே எண்ணெய் ஊற்ற ஒரு துளை போட்டார். அச்சு சுற்ற ஆரம்பித்ததும் அந்தத் துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கி வந்தது. கட்டை வைத்து அடைத்தார், கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது. பிரஷர் கேஜ் மாட்டினார், அதில் இருந்த 200 பி.எஸ்.ஐ.யையும் முள் தாண்டப் பார்த்தது. அங்கே பம்ப்பே கிடையாது. சுற்றுகிற அச்சே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, தன்னைத் தாங்கும் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இதற்குக் கணக்கு எழுதி 1886-ல் வெளியிட்டவர்தான் நம்ம ரெனால்ட்ஸ் நம்பர் புகழ் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ்.

இதில் நமக்கு என்ன விஷயம்? டேஷ்போர்டில் நாம் பார்க்கும் ஆயில் பிரஷர் கிராங்க்‌ஷாஃப்ட்டைத் தாங்குவதில்லை. அது, எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேருகிறதா என்று சொல்லும் அடையாளம், அவ்வளவுதான்.

டெல்டாக்காரங்களுக்கு இதை விளக்க ரொம்ப நேரம் ஆகாது. ஆயில் பம்ப்தான் மேட்டூர். மெயின் கேலரி காவிரி. அதிலிருந்து மெயின் பேரிங், பிக் எண்ட், கேம்‌ஷாஃப்ட் என்று வாய்க்கால் பிரியும். மேலே சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் ராக்கர் ஷாஃப்ட்தான் கடைமடை. கடைமடைக்குத் தண்ணி வரவில்லை என்றால் காரணம் மூணில் ஒன்று. மேலே தண்ணி திறந்தது பத்தவில்லை, வழியில் அடைப்பு, இல்லை நடுவில் எங்கேயோ கரை உடைந்து வீணாகப் போகிறது. ஆயில் பிரஷர் குறைந்தாலும் தேட வேண்டியது இந்த மூணைத்தான்.

ஆயில் லைட்: காசில்லாத சோதனையிலிருந்து ஆரம்பிங்க

ஒரு விதி வைத்துக்கொள்வோம். செலவு கம்மியான சோதனை முதலில், ஸ்பானர் அதிகம் பிடிக்கும் சோதனை கடைசியில்.

முதலில் டிப்ஸ்டிக். வண்டி சமதளத்தில் நிற்கணும். அளவு குறைவாக இருந்தால் ஊற்றிவிட்டுப் பாருங்க. அளவு அதிகமாக இருந்தால் சந்தோஷப்படாதீங்க, மோந்து பாருங்க. ஹெரால்டில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும், கேம்‌ஷாஃப்ட் அதை ஓட்டும். அதன் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக சம்ப்புக்குள் இறங்கும். எண்ணெய் தண்ணியாகிவிடும், பிரஷர் விழும். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காலத்து ரப்பருக்கு அது ஆகாது. அதனால் இந்தக் கேஸை இனி அடிக்கடி பார்ப்போம்.

ரெண்டாவது, உள்ளே இருப்பது என்ன எண்ணெய்? "சிந்தெடிக் போட்டா நல்லது" என்று யாராவது 5டபிள்யூ-30 ஊற்றியிருக்கலாம். 100 டிகிரி சூட்டில் 30 கிரேடு எண்ணெயின் பிசுபிசுப்பு 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸ். 50 கிரேடுக்கு 16.3-லிருந்து 21.9. கிட்டத்தட்ட பாதிதான். இந்த இன்ஜினின் இடைவெளிகளுக்கும் நம்ம ஊர் மே மாசத்துக்கும் பொருந்துவது 20டபிள்யூ-50.

மூணாவது, லைட் பொய் சொல்கிறதா? ஹெரால்டில் ஆயில் கேஜ் கிடையாது, எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். பிரஷர் குறைந்தால் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்விட்ச் அந்த வயரை எர்த்தில் சேர்க்கும், விளக்கு எரியும். சாவியை ஆன் பண்ணி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், ஸ்விட்ச்சிலிருந்து வயரைக் கழற்றுங்க. விளக்கு அணையணும். அணையவில்லை என்றால் வயர் எங்கேயோ உரசி பாடியைத் தொடுகிறது. அறுபது வருஷ வயரிங்கில், அதுவும் எலி நடமாடும் நெல் கொட்டகையில், இது ரொம்ப சகஜம்.

நாலாவதுதான் முக்கியமானது. ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அதே மரைக்குப் பொருந்தும் அடாப்டரோடு ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டுங்க. இன்ஜின் நல்லா சூடாகட்டும். 2000 ஆர்.பி.எம்.மில் 40-லிருந்து 60 பி.எஸ்.ஐ. வரை காட்டினால் இந்த இன்ஜின் ஆரோக்கியம். ஐடிலில் 15-க்கு இறங்கினால் பயப்பட வேண்டாம். 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது மெக்கானிக்குகள் சொல்லும் குத்துமதிப்புக் கணக்கு. முள் எழும்பவே இல்லை என்றால் உடனே இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க. "இன்னொரு தடவை பாப்போம்" என்பதெல்லாம் வேண்டாம்.

முள் சொல்லும் கதை

முள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

குளிர்ந்த இன்ஜினில் நன்றாக இருந்து, சூடானதும் விழுந்தால்: எண்ணெய் நீர்த்திருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. கரை உடைந்த கேஸ்.

குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி கம்மியாக இருந்தால்: ரிலீஃப் வால்வில் தூசி மாட்டித் திறந்தபடியே நிற்கலாம், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம். ரிலீஃப் வால்வு பிளாக்கின் வெளிப்பக்கம்தான் இருக்கும். ஒரு நட்டைக் கழற்றி எடுத்துத் துடைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். இன்ஜினை இறக்கும் பேச்சுக்கு முன்னாடி கண்டிப்பாகச் செய்ய வேண்டிய வேலை இது.

வளைவில் மட்டும் முள் ஆடினால்: சம்ப்பில் எண்ணெய் குறைவு. பம்ப் காற்றை உறிஞ்சுகிறது.

ஸ்டார்ட் பண்ணும்போது ரெண்டு மூணு செகண்ட் கடகடவென்று சத்தம் வந்து பிறகு நின்றால்: வண்டி நிற்கும்போது ஃபில்டரிலிருந்த எண்ணெய் கீழே வடிந்துவிடுகிறது. தரமான ஃபில்டர் மாற்றினால் சரியாகலாம். மாசக்கணக்கில் நின்ற வண்டி என்றால் நேராக ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, காயிலுக்குப் போகும் வயரையும் எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்க. ஆயில் லைட் அணைந்த பிறகு பிளக்கை மாட்டுங்க. கடைமடைக்குத் தண்ணி போன பிறகு நடவு, அவ்வளவுதான் விஷயம்.

பேரிங் தேய்மானம் ஏன் பிரஷரை இவ்வளவு சீக்கிரம் குறைக்கிறது? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த விஷயம்தான். மெல்லிய இடைவெளி வழியாக ஒழுகும் அளவு, அந்த இடைவெளியின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. இடைவெளி ஒன்றரை மடங்கானால் ஒழுக்கு 3.4 மடங்கு. ரெண்டு மடங்கானால் 8 மடங்கு. கண்ணுக்கே தெரியாத தேய்மானம் பம்ப்பைத் தோற்கடிப்பது இப்படித்தான்.

இதே காரணத்தால் ஒரு குறுக்கு வழியைப் பற்றியும் சொல்லணும். ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து "பிரஷர் ஏத்திட்டேன்" என்பார்கள். ரிலீஃப் வால்வு செய்வது, அழுத்தம் அளவுக்கு மேல் போனால் திறந்துவிடுவது. அழுத்தம் அந்த அளவுக்கு ஏறவே இல்லை என்றால் அந்த வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கும். மூடிய மதகை இன்னும் இறுக்கினால் உடைந்த கரை அடைபடுமா?

பாபநாசம் பக்கம் ஒரு வீட்டு ஹெரால்டை நாங்கள் நாலு பேர் போய்ப் பார்த்தோம். கூட வந்தவர் ஐம்பது வயதுக்கு மேல் ஆன ஒரு மெக்கானிக் அண்ணன். கேஜ் 2000 ஆர்.பி.எம்.மில் 28 காட்டியது. ஏற்கெனவே ஒருவர் இன்ஜின் வேலைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். அண்ணன் டிப்ஸ்டிக்கை உருவி, மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "தம்பி, இது இன்ஜின் ஆயிலா, பெட்ரோல் பங்கா?" டயாஃப்ரம் மாற்றி, ஃபில்டரும் எண்ணெயும் புதுசு போட்டதும் 44 வந்தது. இன்ஜின் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஸ்டியரிங்: எது டைட் என்று பிரித்துப் பாருங்க

ஹெரால்டுக்கு அந்தக் காலத்தில் பெரிய பெயர் வாங்கித் தந்ததே ஸ்டியரிங்தான். 25 அடி வட்டத்தில் முழுசாகத் திரும்பிவிடும். அக்ரஹாரத் தெருவில் கூட ஒரே வீச்சில் திருப்பலாம். ரேக் அண்ட் பினியன், சின்ன இன்ஜின், முன்பக்கம் எடை குறைவு. ஆகவே ஹெரால்டு ஸ்டியரிங் கனமாக இருந்தால் அது அதன் சுபாவம் இல்லை, வியாதி.

முதலில் டயர் காற்று. நின்ற வண்டியில் டயர் இறங்கியிருந்தால் ஸ்டியரிங் கனக்கும். கையேட்டில் முன் டயருக்கும் பின் டயருக்கும் வேறு வேறு அளவு இருக்கும், அதைப் பாருங்க.

அடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு முன் ரெண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. இப்போது ஸ்டியரிங்கைத் திருப்புங்க. லேசாகச் சுற்றினால் பிரச்சினை டயரிலோ வீல் அலைன்மென்ட்டிலோ இருக்கிறது. அப்போதும் கனத்தால் ரெண்டு பக்கமும் டை ராட் எண்டைக் கழற்றிவிடுங்க. ஸ்டியரிங்கும் சக்கரமும் இப்போது தனித்தனி. ஸ்டியரிங் மட்டும் டைட் என்றால் நோய் ரேக்கிலோ காலத்திலோ இருக்கிறது. காலம் புஷ் காய்ந்திருக்கலாம், ரேக்கில் கிரீஸ் இல்லாமல் இருக்கலாம், யாராவது ஷிம் குறைத்து ரேக்கை இறுக்கியிருக்கலாம். ஸ்டியரிங் லேசாகிவிட்டது, சக்கரத்தைக் கையால் திருப்பினால் அடம்பிடிக்கிறது என்றால், நீங்கள் இந்தக் காரின் மிக ஆபத்தான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அதன் பெயர் டிரன்னியன்.

கிரீஸ் இல்லை, ஆயில்

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்குவது செங்குத்தாக நிற்கும் ஒரு இரும்புத் துண்டு. மேலே பால் ஜாயின்ட். கீழே அதன் நுனியில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் போல்ட் மாதிரி இறங்கி நிற்கும். அந்தக் கட்டைதான் டிரன்னியன். ஒவ்வொரு தடவை ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் அந்த இரும்பு மரை வெண்கலத்துக்குள் சுற்றும். காரின் முன்பக்க எடையும் அந்த மரை வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது.

இங்கே பம்ப்பும் இல்லை, டவர் பார்த்த அந்தத் தானாக உருவாகும் அழுத்தமும் இல்லை. அதற்கு வேகமாகச் சுற்றணும், இது கால் சுற்று போய்த் திரும்பும். ஆகவே எண்ணெயை மனுஷன்தான் கொண்டுபோய்ச் சேர்க்கணும். அதுவும் கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். மற்ற பழைய வண்டிகளில் நிப்பிள் பார்த்தால் கிரீஸ் அடித்துப் பழகிய கை, இங்கேயும் கிரீஸ் அடித்துவிடும். கிரீஸ் அந்த மெல்லிய மரை இடுக்கில் மேலே வரை ஏறாது. நாளானால் மெழுகு மாதிரி இறுகி, பின்னால் ஆயில் அடித்தாலும் போகாமல் வழியை அடைத்துக்கொள்ளும். மேல் பக்க சீல் வழியாக இறங்கும் மழைத்தண்ணி உள்ளே தங்கும். தண்ணியும் காற்றும் இருந்தால் இரும்பு துருப்பிடிக்கும். மரையின் அடிப்பள்ளத்தில் துரு குழி விழும். ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மரை இறுகியதால் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இடத்தை முறுக்குகிறோம். ஃபட்டீக் கிராக் வளரும். ஒரு நாள் முறியும். முறிந்தால் சக்கரம் அப்படியே மடிந்து உள்ளே போகும், வண்டி மூக்கால் தரையைத் தொடும்.

ஸ்டியரிங் கனம் என்பது அதற்கு முன்னால் வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. பழைய வண்டி அப்படித்தான் என்று தள்ளிவிடக் கூடாதது இதனால்தான்.

அந்தப் பாபநாசம் வண்டியில் இடது டிரன்னியனிலிருந்து முதலில் பழுப்புத் தண்ணி வந்தது, பிறகு கட்டியாக கிரீஸ். கழற்றிச் சுத்தம் பண்ணி, நம்ம லேபில் செய்வது மாதிரி டை பெனட்ரன்ட் போட்டோம். வெள்ளை டெவலப்பர் மேல் மரைப் பள்ளத்தில் சிவப்பாக ஒரு கோடு, பாதி வட்டத்துக்கு.

வீட்டுப் பெரியவருக்கு ரெண்டு வாரத்தில் பேத்தி கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போகணும் என்று ஆசை. "ஊர்வலம்தானே தம்பி, நடக்கிற வேகத்துலதானே போகப்போறோம்" என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினார். "மெதுவாப் போறப்பதான் சார் ஸ்டியரிங்க ரொம்ப முறுக்குவோம். சுத்தி நாதஸ்வரமும் பிள்ளைகளும் வேற நிக்கும்."

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. சக்கரம் உருளாமல் திருப்பும்போது டயர் தரையோடு அரைபடும், டிரன்னியன் மரைக்கு வரும் முறுக்கு அப்போதுதான் அதிகம். அந்தக் கல்யாணத்துக்கு வாடகைக் கார் போனது. ஹெரால்டு ஸ்டாண்டு மேலேயே நின்றது. உதிரிபாகம் புதுப்பேட்டையில் தேடிக் கிடைக்காமல், டிரையம்ப் பாகங்கள் இன்னமும் தயாராகும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள்.

டெல்டா வண்டிக்கு ஒரு காலண்டர்

டிரன்னியனுக்கு ஆயில் அடிக்கும் முறை இதுதான். சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தவும். டிரன்னியனில் இருக்கும் பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டவும். கிரீஸ் கன்னைச் சுத்தமாகக் கழுவி 90 கியர் ஆயில் நிரப்பவும். ஒழுகும், கீழே துணி போடுங்க. சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே, மேல் சீல் வழியாக எண்ணெய் எட்டிப் பார்க்கும் வரை அடிக்கவும். எண்ணெய் மேலே வரவே இல்லை என்றால் வழி அடைத்திருக்கிறது, கழற்றித்தான் ஆகணும். கழற்றும்போது இடது பாகத்தையும் வலது பாகத்தையும் கலந்துவிடாதீங்க, ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை.

எப்போது அடிப்பது? நம்ம ஊருக்கு நம்ம ஊர் கணக்கு. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை. மழை முடிந்து தையில் வண்டி எடுக்கும்போது இன்னொரு தடவை, உள்ளே போன தண்ணியை வெளியே தள்ள. சம்பா அறுவடையில் ரோட்டில் காயும் நெல்லையும் வைக்கோலையும் தாண்டி வந்த வண்டி என்றால் ரேடியேட்டர் முன்னால் பதரும் துரும்பும் அடைத்திருக்கும். அதைத் தட்டிவிடுங்க. இன்ஜின் சூடானால் எண்ணெய் நீர்க்கும், எண்ணெய் நீர்த்தால் லைட் எரியும். கோடைக்கு முன்னால் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்க. வண்டி ஓடவே இல்லை என்றாலும் வருஷம் ஒரு தடவை மாற்றணும்.

உங்க தாத்தா வீட்டிலோ தெருவிலோ ஒரு ஹெரால்டு நின்றால் அடுத்த லீவில் ஒரு பிரஷர் கேஜ், ஒரு ஆயில் கன், ஒரு லிட்டர் 90 கியர் ஆயில், ரெண்டு ஸ்டாண்டு எடுத்துக்கொண்டு போங்க. டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க, முன் சக்கரத்தைத் தூக்கித் திருப்பிப் பாருங்க. இந்த ரெண்டும் முடியும் வரைக்கும் யாரையும் அந்த வண்டியில் ஏற விடாதீங்க.